பொன்னேரிக் கரையில் ஒரு காலை நடை: தை மாதத் திட்டமும் ஒரு பழைய பிழைக்குத் திருத்தமும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

போன மாதம், சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சில படங்கள் அனுப்பியிருந்தார். ஒரு பெரிய நீல ஏரி. அதை ஒட்டிச் செங்குத்தான சரிவு. சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் சுவர் கட்டி, ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். கொடிகளுக்கு நடுவே ஒரு பாதை. "சார், அடுத்த வருஷம் வந்துடுங்க. மூணு மணி நேரம் நடந்தா ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊர் போயிடலாம். முழங்கால் வலிச்சா நடுவுல ரயில் இருக்கு" என்று குரல் பதிவு வேறு.

சும்மா இருக்க முடியவில்லை. படித்துப் பார்த்தேன். அந்த இடத்தின் பெயர் லாவோ. ஜெனிவா ஏரியின் வடகரையில், லொசான் நகரத்தை ஒட்டித் தொடங்கி ஷியோன் கோட்டைப் பக்கம் வரை சுமார் 30 கிலோமீட்டர் நீளம். படிக்கட்டு வயல்களின் ஆரம்பம் 11-ஆம் நூற்றாண்டு. அன்று அந்த நிலம் கிறிஸ்தவ மடங்களின் பொறுப்பில் இருந்தது. துறவிகள் காடு திருத்திச் சுவர் எழுப்ப வழி செய்தார்கள். இன்று அந்தச் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் போகுமாம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கொடிக்கு மூன்று சூரியன் என்று சொல்வார்கள்: வானத்துச் சூரியன் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்று, பகலெல்லாம் சூடேறிய கல் சுவர் இரவில் விடும் வெப்பம் ஒன்று. 2007-ல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர், பாதை, ஊர், வயல் எல்லாம் சேர்த்து ஒன்றாக.

11-ஆம் நூற்றாண்டு, ஏரிக்கரை, வேளாண்மை, நடை. இந்த நான்கையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ஜெனிவா அல்ல, ஜெயங்கொண்டம். அதோடு சேர்ந்து முப்பது வருடமாக மனதில் கிடக்கும் ஒரு உறுத்தலும் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல், பிற்காலச் சோழர்கள். "சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டியவர் யார்?" என்று ஒரு மதிப்பெண் வினா. "முதலாம் இராஜேந்திர சோழன்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து, "சார், அது எங்க ஆயா ஊர்ல இருக்குற பொன்னேரி சார்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "அது வேற ஏரி பாப்பா. சோழகங்கம் ராஜா காலத்து ஏரி, அது எப்பவோ அழிஞ்சு போச்சு. உட்காரு" என்றேன். வகுப்பும் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதுதான் சரி. சோழகங்கமும் பொன்னேரியும் ஒன்றே. ஆசிரியர் பயிற்சி முடித்து அத்தனை வருடம் பாடம் நடத்தியவனுக்குத் தெரியாதது, ஆயா வீட்டுக்கு விடுமுறைக்குப் போய்வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இது தெரிய வந்தது ஓய்வு பெற்ற பிறகு. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, காலையில் காலாற நடக்கலாம் என்று கரை ஏறினேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் ஏரியின் பெயர் கேட்டேன். "பொன்னேரிங்க. அந்தக் காலத்துல சோழகங்கம்னு பேரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எத்தனை முறை பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருப்பேன்! ஒவ்வொரு முறையும் கோயில், நந்தி, சிங்கக் கிணறு, சாப்பாடு, பேருந்து. ஏரிப் பக்கம் ஒருவரையும் திருப்பியதில்லை.

ஆகவே இந்தப் பதிவு ஒரு திருத்தம். வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறகு திட்டம்.

இராஜேந்திரனின் படை வடக்கே கங்கைவரை சென்று திரும்பியது ஏறக்குறைய 1025-க்குள். கங்கை நீரைக் கொண்டு வந்தார்கள். அரசனுக்குக் கங்கைகொண்டான் என்று பட்டம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து தலைநகரம் கொள்ளிடத்துக்கு வடக்கே மாறியது. இதெல்லாம் நீங்கள் தேர்வில் எழுதியது. எழுதாத பகுதி ஒன்று உண்டு. தஞ்சாவூர் காவிரிப் பாசனத்துக்குள் இருக்கும் ஊர். புதுத் தலைநகரம் அப்படி இல்லை. கொள்ளிடம் பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் பள்ளத்தில் ஓடுகிறது. ஊர் இருப்பது மேட்டில். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற மானாவாரி நிலம். நம் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அரண்மனை, படை, சந்தை, கோயில், குடிகள் என்று ஒரு பேரரசின் தலைநகரத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் முதல் கேள்வி, தண்ணீருக்கு என்ன வழி?

அந்தக் கேள்விக்குப் பதில்தான் சோழகங்கம். வென்ற அரசர்கள் கல்லில் வெற்றித்தூண் நடுவது வழக்கம். இராஜேந்திரன் தண்ணீராலேயே ஒரு வெற்றித்தூண் அமைத்து அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கவிஞர் புகழ்ச்சி என்று அதை ஒதுக்கினாலும், மண்ணில் கிடக்கும் கரையை ஒதுக்க முடியாது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட ஒரு வட்டாரக் குறிப்பு இருக்கிறது. வடக்கு தெற்காக 16 மைல் நீளக் கரை, அதாவது சுமார் 25 கிலோமீட்டர் என்கிறது அது. பல உறுதியான மதகுகள். கொள்ளிடத்திலிருந்து தெற்கு முனைக்கு 60 மைலுக்கு மேல் நீளமான வாய்க்கால். வெள்ளாற்றிலிருந்து வடக்குப் பக்கம் இன்னொரு சிறிய வாய்க்கால். இந்தியாவின் மிகப்பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்றாக இது இருந்திருக்க வேண்டும் என்று எழுதியவர் வியக்கிறார். அவர் பார்த்தபோது ஏரியின் உட்பகுதி பெரும்பாலும் அடர்ந்த காடு. படையெடுத்து வந்த ஒரு சேனை வேண்டுமென்றே உடைத்தது என்ற ஊர்வழக்கையும் பதிவு செய்திருக்கிறார்.

60 மைல் வாய்க்கால் ஏன் என்று வகுப்பில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆறு பக்கத்தில் இருக்கும்போது அவ்வளவு தூரத்திலிருந்து எதற்குத் தண்ணீர்? மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. ஆற்றின் மட்டம் நம் மேட்டைவிட உயரமாக இருக்கும் இடம் வரை மேற்கே போய், அங்கே வாய்க்கால் பிரித்து, ஆற்றைவிடக் குறைந்த சாய்வில் மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வரவேண்டும். ஆறு வேகமாகக் கீழே இறங்கும், வாய்க்கால் தாமதமாக இறங்கும். இரண்டுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தில்தான் மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கிடைக்கிறது. சாய்வைக் கொஞ்சம் தப்பாகக் கணக்கிட்டால் வழியிலேயே தேங்கிவிடும், அல்லது கரையை அரித்துவிடும். ஆயிரம் வருடத்துக்கு முன் அந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, பெயர் இல்லை. மண்வெட்டியும் கூடையும் எடுத்து அத்தனை மண்ணைக் கொட்டிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெயர் இல்லை. இராஜேந்திரன் பெயர் மட்டும் ஒரு மதிப்பெண்.

இப்போது மறுபடி லாவோவுக்கு வருகிறேன். அந்தக் கல் சுவர்கள் ஆயிரம் வருடம் எப்படி நின்றன என்று தேடினேன். தானாக நிற்கவில்லை. மழை பெய்தால் மண் கீழே வழியும். குடியானவர்கள் அந்த மண்ணை முதுகில் சுமந்து மறுபடி மேல் படிக்கு ஏற்றியிருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. சுவர் வயிறு தள்ளினால் உடனே பிரித்துக் கட்டுவார்கள். நம் காலத்தில் மனைப் பிரிவு வந்து அந்தச் சரிவை விழுங்கப் பார்த்தது. ஒருவர் இயக்கம் தொடங்க, 1977-ல் அந்த மாநில மக்கள் வாக்களித்து, லாவோவைக் காப்பது என்று தங்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

நம்மிடம் இந்த வழக்கம் இல்லாமலா போயிற்று? சோழகங்கத்துக்கு நூறு வருடம் முன்பே, முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கி, அதன் வருவாயில் ஏரியைப் பராமரித்தார்கள். பின்னால் அதற்கே குடிமராமத்து என்று பெயர். கோடையில் ஊர் கூடி வண்டல் அள்ளும். கரம்பை மண் வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம், கரைக்குப் பலம். ஒரே வேலையில் மூன்று பயன். என் சிறுவயதில் எங்கள் ஊரிலும் மாட்டு வண்டிகள் வரிசையாக ஏரிக்குள் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரி ஊரின் கையிலிருந்து மெல்ல அரசின் கைக்குப் போனது. வழக்கம் தளர்ந்தது. 1858-ல் சட்டம் போட்டு ஊராரைக் கட்டாயப்படுத்திப் பார்த்தார்கள். தன் சொத்து என்று நினைத்துச் செய்த வேலையைச் சட்டம் போட்டு வாங்க முடியுமா?

எனக்குப் புரிந்தது இதுதான். கோபுரம் கல். ஒருவரும் தொடாவிட்டாலும் பல நூறு வருடம் நிற்கும். கரை மண். வருடா வருடம் ஒரு கூடை மண் போட ஆள் இருக்கும் வரைதான் கரை. ஊரை வாழவைத்தது கரை. நாம் போய்க் கும்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வது கோயிலை மட்டும். யுனெஸ்கோ பட்டியலில் 2004-ல் சேர்ந்ததும் கோயில் மட்டுமே.

கோயிலின் கல்லுக்கும் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். கல் தேவைப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஏழை ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை. இதை எழுதிவைத்திருப்பதும் நான் மேலே சொன்ன அதே குறிப்புதான். அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. பொன்னியின் செல்வன் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அதே வீரநாராயண ஏரி. 2004 முதல் வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. சென்னையில் இருக்கும் என் பிள்ளைகளே, இராஜேந்திரன் கோயில் மதில் எங்கே போனது என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டலாம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன்.

நாள்: தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரியில் தண்ணீர் இருக்கும். பொங்கல் கூட்டம் குறைந்திருக்கும். வெயில் தாங்கும்படி இருக்கும். ஆடி, ஆவணியில் போனால் காய்ந்த தரையைப் பார்த்து "இதுவா ஏரி?" என்று கேட்பீர்கள்.

நேரம்: காலை ஆறரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் பேருந்து நிறுத்தத்தில் கூடுவோம். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் முதல் நாள் இரவே ஜெயங்கொண்டம் வந்துவிட்டால் நல்லது. அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான், சிதம்பரம் போகும் சாலை. தேநீர் குடித்துவிட்டு வேனில் கரைக்குப் போவோம்.

நடை: இதுவரை எல்லாச் சுற்றுலாவையும் கோயிலில் தொடங்கினேன். இந்த முறை கரையில் தொடங்கிக் கோயிலில் முடிப்போம். கரைமேல் வடக்கு நோக்கி நிதானமாக நான்கு கிலோமீட்டர். இடது கையில் தண்ணீர், வலது கையில் வயல். தண்ணீர் மட்டம் எங்கே இருக்கிறது, வயல் மட்டம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள். கரை என்றால் என்ன என்பது அப்போது காலுக்கே தெரியும். சூரியன் ஏறும்போது கிழக்கே மரங்களுக்கு மேல் விமானத்தின் உச்சி தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. நான் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே பத்து நிமிடம் உட்காருவோம்.

பார்க்க வேண்டியவை: மதகு, தண்ணீரை வயலுக்கு விடும் வழி. கலிங்கு, மிகுந்த தண்ணீர் வெளியேறும் வழி. ஆயக்கட்டு, இந்தத் தண்ணீரை நம்பும் நிலம். இன்று நாம் பார்க்கும் ஏரி பழைய சோழகங்கத்தின் ஒரு பகுதிதான். மீதி வயலாகவும் ஊராகவும் ஆகிவிட்டது. சீமைக்கருவேலம் பிடித்த இடங்களும் கண்ணில் படும். 2025-ல் இந்த ஏரியைச் சீரமைக்க அரசு நிதி அறிவித்தது நல்ல செய்தி. வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க நமக்கும் ஒரு சந்தர்ப்பம்.

காலை உணவு: கரையில் மரத்தடியில் புளிசோறு, உருளைக்கிழங்கு, மோர். எங்கள் வீட்டம்மா பொறுப்பு. தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் அவரவர் வீட்டிலிருந்து. பிளாஸ்டிக் வேண்டாம். ஒரு காகிதம்கூடக் கரையில் விட்டுவரக் கூடாது.

பிறகு: உட்கோட்டைப் பக்கம் மாளிகைமேடு. அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் சுவர்களைப் பாருங்கள். பேரரசின் அரண்மனையில் மிஞ்சியது அவ்வளவுதான். கடைசியாகக் கோயில். நண்பகலில் நடை சாத்துவதற்கு முன் பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும். கரையைப் பார்த்துவிட்டு அந்தச் சுமார் 55 மீட்டர் விமானத்தின் அடியில் நின்று பாருங்கள். எனக்குக் கோயில் வேறு மாதிரி தெரிந்தது. இவ்வளவு கல்லையும் இத்தனை ஆட்களையும் தாங்கியது எந்தத் தண்ணீர் என்ற கேள்வியோடு நின்றேன்.

எச்சரிக்கை: நல்ல செருப்போ ஷூவோ போடுங்கள், கருவேல முள் இருக்கும். தொப்பி அல்லது துண்டு கட்டாயம். மதகு ஷட்டரை யாரும் தொடக்கூடாது. குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கம் இறங்க விடக்கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் மதகோடு நின்றுகொள்ளலாம், வெட்கம் வேண்டாம். நானே எங்கே நிற்கப் போகிறேனோ!

வீட்டுப்பாடம் உண்டு. வாத்தியார் ஓய்வு பெறலாம், வீட்டுப்பாடம் ஓய்வு பெறாது. வருவதற்கு முன் உங்கள் சொந்த ஊர் ஏரி பற்றி நான்கு கேள்விக்குப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்: ஏரிக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது? மதகு எத்தனை? கலிங்கு எங்கே? கடைசியாக வண்டல் அள்ளியது எந்த வருடம்? ஊரை விட்டுப் போய் இருபது வருடம் ஆனவர்கள் அம்மா அப்பாவுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். பேச ஒரு விஷயம் கிடைத்ததென்று அவர்களும் சந்தோஷப்படுவார்கள். நாம் எழுதிவைக்காவிட்டால் இன்னும் கொஞ்ச காலத்தில் கேட்கவும் ஆள் இருக்காது.

லொசானில் இருக்கும் தம்பிக்கு: உன் அழைப்புக்கு நன்றி. விசா, விமானம், குளிர் எல்லாம் இந்த வயதில் யோசிக்க வேண்டியிருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது நீ இந்தக் கரையில் ஒருமுறை நட. அதற்குப் பிறகு லாவோவைப் பற்றி நாம் சமமாக உட்கார்ந்து பேசலாம்.

கடைசியாக, மூன்றாவது வரிசைப் பெண்ணுக்கு. நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தாய். அன்று உன்னை உட்கார வைத்தது என் தவறு. அறியாமை ஒரு தவறு, கேட்காமல் சிரித்தது அதைவிடப் பெரிய தவறு. அம்மா, உன் ஆயா ஊர் ஏரிக்கு நாங்கள் எல்லாரும் வருகிறோம். முடிந்தால் உன் பிள்ளைகளோடு வா. கரையில் முதல் கால் மணி நேரம் நீதான் பேச வேண்டும். உன் ஆயா சொன்னதையெல்லாம் சொல். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

வருபவர்கள் பின்னூட்டத்தில் பெயரும், எத்தனை பேர் என்பதும் எழுதுங்கள். புளிசோற்றுக்கு அரிசிக் கணக்கு வேண்டும் என்று வீட்டில் இப்போதே கேட்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் சார்